அன்றாட மருந்தும் அங்கத்தினர் சேமிப்பும்

பழவேற்காடு என்னும் பெயர் நெசவாளர் குலத்துக்குப் புதியதன்று. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பிய நாளில், சோழமண்டலக் கரையின் துணிகள் அத்துறையிலிருந்து கப்பலேறிக் கடல் கடந்து சென்றன. அவ்வூர்க் கைக்குட்டையின் புகழினால் ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் ஒரு துணியின் பெயராயிற்று. இன்றோ அங்குள்ள குப்பங்களின் வாழ்வு ஏரியையும் கடலையும் நம்பி நிற்கின்றது. இறால், நண்டு, மடவை ஆகியவையே அவர்கள் நெற்களஞ்சியம். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் பழைய ஏற்பாடு அவர்களிடையே வழங்கி வருகின்றது. கூட்டுறவு என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே அதன் பொருளை அறிந்திருந்த மக்கள் அவர்கள் என்று கூறினால் மிகையாகாது.

அம்மீனவரின் கவலைகளுள் ஒன்றை இம்மாதம் அங்கத்தினர் முன் வைக்க விரும்புகின்றோம். தறியில் அமர்வோருக்கும் ஏர் பிடிப்போருக்கும் அது பொதுவான கவலையே. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதித் தருகின்றார். அதனை நாள்தோறும் உண்ண வேண்டும் என்கின்றார். மருந்து நாள் தவறாமல் வேண்டும்; வருமானமோ நாள் தவறி வருகின்றது. வலைக்குப் பாடு இல்லாத மாதத்தில் முதலில் நிற்பது எது? அரிசி நிற்பதில்லை, பிள்ளையின் பள்ளிச் செலவை நிறுத்த மனம் வருவதில்லை. நோவு காட்டாத நோய்க்கான மாத்திரையே முதலில் நிற்கின்றது.

மருந்தின் வேலை

கொழுப்பு என்பது உடலுக்கு வேண்டாத பொருளன்று. கல்லீரலே அதனை உற்பத்தி செய்கின்றது. ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் வகை அளவு மீறினால், இரத்தக் குழாயின் உட்சுவரில் சிறிது சிறிதாகப் படிந்து வழியைக் குறுக்குகின்றது. முகத்துவாரத்தில் மணல் மூடினால் ஏரி என்னவாகும் என்பதைப் பழவேற்காட்டாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இதயத்துக்குச் செல்லும் குழாயில் அத்தகைய அடைப்பு நேர்ந்தால் மாரடைப்பு உண்டாகின்றது. மூளைக்குச் செல்லும் குழாயில் நேர்ந்தால் பக்கவாதம் தாக்குகின்றது.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து கண்டெடுத்த பொருளே ‘ஸ்டாடின்’ என்னும் மருந்துக் குடும்பத்துக்கு மூலமாயிற்று. கல்லீரல் கொழுப்பை உற்பத்தி செய்யும் வேகத்தை இம்மருந்து குறைக்கின்றது. ஸ்காந்திநேவிய நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 1994-ல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை உண்டவருள் 256 பேரும், சிம்வாஸ்டாடின் உண்டவருள் 182 பேரும் இறந்தனர். இரு பிரிவிலும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையினரே இருந்தனர். இன்று நம் நாட்டில் பெரிதும் வழங்குவது அடோர்வாஸ்டாடின் ஆகும்.

இம்மருந்து நோயை வேரோடு பிடுங்குவதன்று. உண்ணும் நாள் வரை அடக்கி வைப்பதாகும். நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும். நிறுத்தியவருக்கோ உடலில் எந்த வேறுபாடும் தெரியாது. அபாயம் அங்கேதான் இருக்கின்றது.

காப்பீடு தாங்குவதும் தாங்காததும்

“எனக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கின்றதே” என்று அங்கத்தினர் சிலர் கூறக் கேட்கலாம். தமிழகத்தில் 2009-ல் தொடங்கிய அரசாங்கக் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருகின்றது. 2018-ல் மத்திய அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டமும் அதனுடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைச் செலவு கிடைக்க வழி செய்யப்பட்டது. இதயக் குழாயின் அடைப்பை நீக்கும் சிகிச்சையும், மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சையும் இதில் அடங்கும். ஏழைக் குடும்பங்கள் பலவற்றை இது கடனிலிருந்து காத்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இக்காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்த பின்னரே விழித்தெழுகின்றது. மத்திய திட்டத்தின் விதிப்படி, சேர்வதற்கு முன் 3 நாட்களின் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாட்களின் மருந்தும் கணக்கில் சேரும். பதினாறாம் நாளிலிருந்து மாத்திரை யார் பொறுப்பு? நோயாளியின் மடியே பொறுப்பு. வீடு இடிந்தால் கட்டித் தருவோம், ஓட்டை மாற்ற மாட்டோம் என்பது போன்றது இது. ஓட்டை மாற்றும் சிறு செலவுக்கு வழி செய்வது நம் கையில் உள்ளது.

பிற நாட்டு முறையும் நம் நாட்டு விலையும்

அமெரிக்காவில் அடோர்வாஸ்டாடின் ‘லிபிட்டார்’ என்னும் பெயரில் 1997-ல் கடைக்கு வந்தது. காப்புரிமை உள்ளவரையில் ஒரே நிறுவனத்தின் சரக்காக விலை உயர்ந்து நின்றது. அங்கே காப்பீட்டுக் கம்பெனி ஒரு பங்கையும் நோயாளி ஒரு பங்கையும் செலுத்துவது வழக்கம். 2011-ல் காப்புரிமை முடியும் தறுவாயில், நோயாளியின் பங்கு 4 டாலராகக் குறையும்படி ஒரு சேமிப்பு அட்டையை உற்பத்தியாளரே வழங்கினர். முதியோருக்கான அரசாங்கக் காப்பீட்டில் இருந்தோருக்கு அவ்வட்டை செல்லாது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியக் கம்பெனியான ரான்பாக்ஸி மலிவான மருந்தை அந்நாட்டுச் சந்தையில் இறக்கியது. விற்பவர் தரும் சலுகை விற்பவரின் வாணிப நோக்கத்தைப் பொறுத்தது. அவர் நினைத்தால் தருவார், நினைத்தால் நிறுத்துவார். வாங்குவோர் தாமே சேர்ந்து அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அந்த அச்சமில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1972 முதல் 2005 வரையில் மருந்துப் பொருளுக்கு இங்குக் காப்புரிமை வழங்கப்படவில்லை. செய்முறைக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆகவே ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செய்து பழகின. அடோர்வாஸ்டாடின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்று, 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் உச்ச விலைக்கு உட்பட்டது. எனினும் உச்ச விலைக்கும் மலிவு விலைக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில்தான் ஏழையின் பணம் கரைகின்றது.

எட்டும் தூரத்தில் உள்ள வாயில்கள்

முதல் வாயில் அரசாங்க மருத்துவமனை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் நிறுவப்பட்டு, மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசாங்க மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகின்றது. அதன் பட்டியலில் அடோர்வாஸ்டாடின் உண்டு. 2023 ஜூன் மாதத்தில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு என ஐயுறும் நோயாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மருந்தாக 14 மாத்திரைகள் கொடுக்க ஏற்பாடாயிற்று. அவற்றுள் 8 மாத்திரைகள் அடோர்வாஸ்டாடினே. நெஞ்சு வலி கண்டவர் வாயுத் தொல்லை என்று வீட்டில் காத்திராமல் அங்கே விரைதல் வேண்டும்.

இரண்டாம் வாயில் மலிவு விலை மருந்தகம். 2008-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டம் மக்கள் மருந்தகங்களாக வளர்ந்துள்ளது. தமிழகத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவற்றை நடத்தும் பொறுப்பில் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். ஜெனரிக் எனப்படும் பொதுப்பெயர் மருந்துகளை, வெளிச் சந்தை விலையினும் 75 விழுக்காடு வரையில் குறைத்துத் தருவது இவற்றின் நோக்கம். மூன்றாம் வாயில், தள்ளுபடியோடு விற்கும் கூட்டுறவு மருந்துக் கடைகள். வெளிக் கடையில் முழு விலை கொடுத்து வாங்குவது கடைசி வாயிலாக இருக்கட்டும்.

மலிவான மருந்து மட்டமான மருந்தாகாதா என்னும் ஐயம் எழலாம். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வாணிபப் பெயர். சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். வாங்குவோர் பார்க்க வேண்டியது மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, காலாவதித் தேதி ஆகிய மூன்றுமே. மருத்துவர் எழுதியதற்கு ஈடான பொதுப்பெயர் மருந்து எது என்று மருந்தாளுநரையும் மருத்துவரையும் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

சிறு கணக்கு

கணக்குக்காக ஒரு மாத்திரையின் விலை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 150 ரூபாய். ஆண்டுக்கு 1,825 ரூபாய். விலை கால் பங்காகக் குறைந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 456 ரூபாய். இப்போது மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தை நோக்குவோம். கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான மீனவர் மீன் கிடைக்கும் மாதங்களில் 1,500 ரூபாய் செலுத்த, அரசாங்கம் 3,000 ரூபாய் சேர்த்து, பிடிப்புக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருவது அத்திட்டம். கூட்டுறவு நெசவாளருக்கும் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசாங்கப் பங்கைச் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் உண்டு. முழு விலைக்கு மருந்து வாங்குகின்ற மீனவர், ஆண்டு முழுதும் சேமித்த 1,500 ரூபாயினும் மிகுதியாக மாத்திரைக்கே கொடுத்துவிடுகின்றார். மலிவாக வாங்குகின்றவருக்கோ அச்சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மிஞ்சுகின்றது.

நிவாரணப் பணம் கைக்கு வரும் நாளில் அதற்கு முன்பே பத்துக் கடன் காத்திருக்கும் என்பது யாவரும் அறிந்ததே. மாத்திரைப் பங்கை முதலில் ஒதுக்கி, மூன்று மாத மருந்தை அன்றே வாங்கி வைக்கும் வழக்கம் குடும்பங்களில் வேரூன்ற வேண்டும். இப்பொறுப்பை வீட்டுப் பெண்மணிகளிடம் ஒப்படைப்பது நலம்.

சங்கம் செய்யக்கூடியது

தனி மனிதன் தவறும் இடத்தில் தாங்கிப் பிடிப்பதற்கே சங்கம் இருக்கின்றது. நூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் ஒவ்வொருவரும் மாதம் 10 ரூபாய் மருந்து நிதிக்குக் கொடுத்தால் ஆண்டில் 12,000 ரூபாய் சேரும். அவர்களுள் இருபது பேர் நாள்தோறும் இம்மாத்திரை உண்பவர் என்றும், ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் கை வறண்டுவிடுகின்றது என்றும் கொள்வோம். முழு விலைக்கு வாங்கினாலும் அறுபது மாத மருந்துக்கு 9,000 ரூபாய் போதும். மலிவு விலையில் 2,250 ரூபாயே ஆகும். இதனைத் தானமாகக் கொடுக்க வேண்டுவதில்லை. வட்டியில்லாக் கைம்மாற்றாகக் கொடுத்து, வலை நிறையும் மாதத்தில் மீன் விற்ற பணத்திலோ, துணி விற்ற கூலியிலோ பிடித்துக்கொள்ளலாம். சங்க விதிகளுக்கு இசைய, உரிய அதிகாரிகளின் அனுமதியோடு இதனை மகாசபையில் தீர்மானமாகக் கொண்டுவருதல் தக்கது.

பொன்னேரிக்கு ஒருவர் மாத்திரைக்காகப் போய்வந்தால் ஒரு நாள் பிழைப்புக் கெடும். பேருந்துக் கட்டணம் மருந்தின் மலிவை விழுங்கிவிடும். சங்கத்தின் பணியாளர் ஒருவர் மருத்துவச் சீட்டுகளைத் திரட்டி மாதம் ஒரு முறை சென்று வந்தால் இருபது பேரின் வேலை நாள் மிஞ்சும். எவர் என்ன மருந்து உண்கின்றார் என்பதை வெளியிடாமல் காப்பது அப்பணியாளரின் கடமையாகும். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைகள் பலர் எந்தச் சங்கத்திலும் இல்லாதிருக்கலாம். அவர்களை அங்கத்தினராகச் சேர்ப்பது இம்முயற்சியின் முதற்படியாகட்டும்.

சில எச்சரிக்கைகள்

மாத்திரை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஒருவர் சீட்டைக் கொண்டு மற்றொருவர் வாங்கி உண்ணுதல் கூடாது. காரணமின்றித் தசை வலி மிகுந்தாலும், சிறுநீர் கறுத்தாலும் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். கருவுற்ற பெண்டிர் இம்மருந்து பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்டறிய வேண்டும். புகையிலையைக் கைவிடுவதும், பொரித்த பண்டங்களைக் குறைப்பதும் மருந்துக்குத் துணை செய்யும். மருத்துவர் வேண்டும் என்று கூறிய மருந்துக்கு அவை மாற்றாக மாட்டா.

பழவேற்காடு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில், 1904-ஆம் ஆண்டில் ஓர் ஐக்கிய நாணயச் சங்கம் பதிவாயிற்று. வட்டிக் கடையின் பிடியிலிருந்து உழவரை விடுவிப்பதே அந்நாளில் அதன் முன் நின்ற பணி. இன்று நம் முன் நிற்கும் பணிகளுள், கை வறண்ட மாதத்திலும் அங்கத்தினரின் மாத்திரை நில்லாமல் காப்பதும் ஒன்று. அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், தம் வீட்டில் நாள்தோறும் மருந்து உண்போர் எத்தனை பேர், கடந்த ஆண்டில் எத்தனை நாள் அது நின்றது என்று எண்ணிக்கொண்டு வருவார்களாக. அக்கணக்கிலிருந்தே சங்கத்தின் வேலை தொடங்கும்.