உள்ளே பேசும் குரல்

பிறர் நம்மை இகழ்ந்தால் சினம் கொள்கிறோம். நம்மை நாமே இகழும்போதோ, அதை மெய்யென்று ஏற்று வாளாவிருக்கிறோம். எதற்கும் உதவாதவன், இறைவனாலும் கைவிடப்பட்டவன் என்று உள்ளே ஒரு குரல் ஓயாது கூறிக்கொண்டிருந்தால் மனிதன் என் செய்வான்? அக்குரலால் பல ஆண்டுகள் அலைக்கழிக்கப்பட்டு, விசுவாசத்தால் கரையேறிய ஒருவரைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன். அவர் ஜான் பனியன்.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரின் அருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பழுதான பாத்திரங்களைச் செப்பனிடுவது தந்தையிடம் கற்ற தொழில், பள்ளிப்படிப்போ சொற்பம். இளமையில் ஆலயமணி அடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். அது வீண் களிப்பென்று மனம் குற்றஞ்சாட்டவே, அடிப்பதை விடுத்து வேடிக்கை பார்க்க மட்டும் சென்றார். மணி அறுந்து தலைமேல் விழுமோ என்ற அச்சம் எழுந்தது. உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். சுவரில் மோதித் தெறித்து வருமோ என்று வாயிற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால் என் செய்வது? ஓடியே போனார்.

இது தொடக்கமே. பின்னர், கிறிஸ்துவை விற்றுவிடும்படி ஒரு குரல் உண்ணும்போதும் உறங்கும்போதும் அவரை நச்சரிக்கலாயிற்று. மாட்டேன், மாட்டேன் என்று மறுத்து மறுத்துக் களைத்தவர், ஒருநாள் போனால் போகட்டும் என்று மனம் தளர்ந்துவிட்டார். அவ்வளவுதான், சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் போலத் தமக்கும் மீட்சியில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார். இக்கால உளநூலார் சிலர் இதனை ஒருவகை மனநோய் எனக் கருதுவர். இருக்கலாம். மருத்துவரை நாடவேண்டியவர் நாடத்தான் வேண்டும். அது விசுவாசக் குறைவன்று.

அவருக்கு விடுதலை வந்த விதமே நாம் கருதத்தக்கது. நீ நல்லவன், வல்லவன் என்று தமக்குத் தாமே புகழுரை கூறி அக்குரலை அவர் அடக்கவில்லை. அப்படிச் சொன்னால் உள்ளே இருக்கும் வழக்கறிஞர் உடனே பழைய பிழைகளை எடுத்துக் காட்டுவாரன்றோ? ஒருநாள் வயல்வழியே நடந்து செல்கையில், தம் நீதி தம்மிடத்தில் இல்லை, அது பரலோகத்தில் கிறிஸ்துவினிடத்தில் இருக்கின்றது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அப்படியாயின், தம் மனம் இன்று தெளிந்திருப்பதால் அந்நீதி கூடுவதுமில்லை. நாளை கலங்குவதால் குறைவதுமில்லை. குரல் கூறிய குற்றங்களை அவர் மறுக்கவில்லை. வழக்கு நடக்கும் இடத்தையே மாற்றிவிட்டார்!

இவ்வனுபவமே 1678இல் அச்சேறிய மோட்ச பிரயாணக் கதையில் உருக்கொண்டது. நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்திற்கு முதனூல் இதுவே. அதில் மரண இருளின் பள்ளத்தாக்கைக் கடக்கும் கிறிஸ்தியானின் பின்னே ஒரு பேய் மெல்ல வந்து, தெய்வ நிந்தனைகளைக் காதில் முணுமுணுக்கின்றது. அவனோ அவை தன் மனத்தில் எழுந்தவை என்றே நம்பி வருந்துகின்றான்.

இப்பகுதியைப் படிக்குந்தோறும் என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். கணக்கைப் படித்துப் பார்க்குமுன்பே, "எனக்கு வராது ஐயா" என்பான். ஒருநாள் தனியே அழைத்து, அப்படி யார் சொன்னது என்று வினவினேன். நெடுநேரம் தயங்கி, "நீங்கள்தான் ஐயா, ஆறாம் வகுப்பில்" என்றான். எனக்கு அது நினைவேயில்லை. அவனுக்கோ அதுவே தன் மனக்குரலாகியிருந்தது. அதன்பின் வகுப்பில் நாவை அடக்கக் கற்றேன், காலந்தாழ்ந்த கல்விதான்.

அதே கதையில் அவநம்பிக்கை என்னும் இராட்சதன் பயணிகள் இருவரைச் சந்தேகக் கோட்டையில் அடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகின்றான். உடனிருந்த தோழன்தான், கடந்து வந்த இடர்களை நினைவூட்டிக் கிறிஸ்தியானைத் தடுக்கின்றான். தனித்திருந்தால் என்னவாகியிருக்கும்! சில நாள் சென்றபின், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகின்றது. கதவுகள் திறக்கின்றன, வெளி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகவும் முரண்டு பிடித்தே திறக்கின்றது. இச்சிறு செய்தியைச் சேர்த்தவர் அனுபவசாலி என்பதில் ஐயமில்லை.

ஏனெனில் அக்குரல் பனியனையும் முற்றிலும் விட்டுப் போகவில்லை. 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றின் முடிவில், தம் உள்ளத்தில் இன்னும் எஞ்சியுள்ள ஏழு குறைகளை ஒளியாது எழுதுகின்றார். அப்போது அவர் பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தார். பிரசங்கம் செய்வதில்லை என்று வாக்களித்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் பார்வையற்ற மகள் இருந்தாள். அவளை நினைந்து உருகினார். சிறைக்குள் நாடாக்கள் செய்து விற்று, குடும்பத்திற்கு உதவினார். ஆயினும் அவ்வாக்கை மட்டும் கொடுக்கவில்லை. மணி விழுமோ என்று ஒருகாலத்தில் ஓடியவர், 1660 முதல் 1672 வரை, 12 ஆண்டுகள் அங்கே இருந்தார்.