ஓடின புரோகிராம் ஏன் ஓடலை?

சீனியர் அண்ணன் ஒருத்தர் கொடுத்த பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு சி புரோகிராமை அப்படியே மனப்பாடம் செய்து மாடல் பிராக்டிகலில் அடித்தேன். எர்ரர்! பொம்மையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் கேட்க ஆள் கிடையாது; படிக்க வந்த முதல் ஆளே நான்தான். மார்க் போனது போனதுதான். காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

லேபில் இருந்தது ஜிசிசி 14. பழைய புரோகிராமில் ஹெட்டர் ஃபைல் வரியே இல்லை. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது 'இன்ட்' திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர் தானே ஊகித்துக்கொள்ளும். சி மொழியின் 1999-ஆம் வருடத் தரமே இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி வெறும் வார்னிங்கோடு விட்டுவந்தது. 2024 மே மாதம் வெளியான 14.1-இல்தான் அது எர்ரர் ஆனது.

இது வீண் கெடுபிடி அல்ல. 64 பிட் லினக்ஸில் மெமரி முகவரி 8 பைட், இன்ட் 4 பைட். 'மாலக்' தரும் முகவரியை இன்ட் என்று நினைத்தால் பாதி வெட்டுப்பட்டு, புரோகிராம் நடுவழியில் விழும்.

ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் ஜிசிசி-காரர்கள் மாற்றப் பட்டியல் ஒன்றும், பழைய புரோகிராமைத் திருத்தும் வழிகாட்டி ஒன்றும் எழுதி வைக்கிறார்கள். என் எர்ரர் அந்த வழிகாட்டியில் அப்படியே இருந்தது, எந்த ஹெட்டர் சேர்க்கணும் என்பது உட்பட! இங்கிலீஷ்தான், டிக்‌ஷனரி வைத்துப் படித்தேன்.

2025 ஏப்ரலில் வந்த 15-இல் 'பூல்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' மூன்றும் சி மொழியின் சொந்தச் சொற்கள். அந்தப் பெயரில் வேரியபிள் வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றிவிடுங்கள்.