பற்றாசு நீக்கும் கருவிகள்

உலோகத் துண்டுகளை இணைப்பதற்காக உருக்கி இடப்படும் உலோகக் கலவைக்குப் பற்றாசு என்பது பெயர். வானொலிப் பெட்டி முதலிய மின்னணுக் கருவிகளின் உறுப்புகள், செம்புப் படலம் பதித்த மின்சுற்றுப் பலகையில் பற்றாசினாலேயே பொருத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்றால் பலகை முழுவதையும் எறிந்துவிட வேண்டுவதில்லை. பற்றாசை நீக்கி, அவ்வுறுப்பை மட்டும் மாற்றினால் போதும். சில ரூபாய் விலையுள்ள மின்தேக்கியை மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் பெறும் பெட்டியை மீட்டுவிடலாம்.

ஆயினும், பற்றவைத்தலினும் பற்றாசு நீக்குதல் அரிய செயலாகும். பலகையின் மீதுள்ள செம்புப் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் 35 மைக்ரான். அதாவது, 1 மில்லிமீட்டரை 1000 கூறாக்கினால் அவற்றுள் 35 கூறு. சூடு மிகுந்தாலோ, உறுப்பை வலிந்து இழுத்தாலோ அப்படலம் பெயர்ந்துவிடும். பழுது நீக்கப் புகுந்தவரே புதிய பழுதை விளைத்தவராவார். ஆதலின், அப்படலத்தைக் காப்பது எதுவோ அதுவே நல்ல கருவி.

மலிவான கருவிகளுள் முதலாவது உறிஞ்சு குழல். இதனைச் சக்கர் என்றும் வழங்குவர். குழலினுள் சுருள்வில்லும் ஆடுதண்டும் உள்ளன. தண்டை அழுத்திப் பூட்டியபின், சூட்டுக்கோலால் பற்றாசை உருக்கி, குழலின் வாயை அருகில் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். வில் தண்டைப் பின்னுக்குத் தள்ளும். உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று உருகிய பற்றாசை உள்ளே தள்ளிவிடும். எளிதில் திறந்து துடைக்கக் கூடியதும், வெப்பம் தாங்கும் மூக்கை மாற்றிக்கொள்ளக் கூடியதுமான குழலையே வாங்குதல் நன்று. துளைகளில் நிரம்பிய பற்றாசுக்கு இது ஏற்றது.

இரண்டாவது செப்புப் பின்னல். மெல்லிய செப்புக் கம்பிகளால் நாடா போல் பின்னப்பட்ட இது, விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல உருகிய பற்றாசை ஈர்த்துக்கொள்ளும். பின்னல் கருத்திருப்பின் நன்கு ஈர்க்காது. பற்றாசு உறைவதற்கு முன்பே பின்னலையும் கோலையும் ஒருசேர எடுத்துவிட வேண்டும். உறைந்தபின் இழுத்தால் செம்புப் படலமும் உடன் வந்துவிடும். தட்டையான பரப்பைத் துப்புரவு செய்ய இது ஏற்றது.

மூன்றாவது கம்பி வெட்டும் சிறு குறடு. பல கால்களை உடைய உறுப்பு எவ்வாற்றானும் பயன்படாதெனத் தெரிந்தால், கால்களை வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடேற்றி எடுக்கலாம். உறுப்பு அழியினும் பலகை பிழைக்கும்.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஈயமில்லாப் பற்றாசு வகைகளுள் பெரிதும் வழங்குவது உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். அத்தகைய இணைப்பில் ஈயம் கலந்த புதுப் பற்றாசைச் சிறிது சேர்த்தால் அது எளிதில் உருகும். பலகைக்கும் சூடு குறையும்.

மின்னிணைப்பை நீக்கி, மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தையும் தக்கார் துணைகொண்டு போக்கிய பின்னரே பலகையைத் தொடுதல் வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்ந்து செய்து, முடித்ததும் கைகளைக் கழுவுதல் வேண்டும்; ஈயம் உடலுக்கு நஞ்சு.

மின்விசையால் உறிஞ்சும் கருவிகளும் உள. அவை விலை மிக்கவை. நாள்தோறும் தொழில் செய்வோர்க்கே தேவைப்படுபவை. ஓய்வு நேரத்தில் பழுது பார்ப்போர்க்கு ஒரு குழலும், ஒரு சுருள் பின்னலும், ஒரு குறடும் போதும். பயன்படாப் பழைய பலகையொன்றில் முதலிற் பழகியவர் கையில், எளிய கருவியும் அரிய பணி ஆற்றும்.