பாட்டிக்கும் தம்பிக்கும் வாசித்த ஐந்து புத்தகங்கள்

ஆண்டு முடியும்போது பட்டியல் போடும் வழக்கம் மாணவர்களிடையே பரவலாகிவிட்டது. பார்த்த படங்கள், கேட்ட பாடல்கள், போன ஊர்கள், படித்த புத்தகங்கள். என் தோழி ஒருத்தி இந்த ஆண்டு ஐம்பது புத்தகங்களைத் தாண்டிவிட்டாள். என் எண்ணிக்கை அதில் பாதிகூட வராது. ஆனால், என் பட்டியலில் உள்ள ஐந்து புத்தகங்களை நான் கண்ணால் மட்டும் படிக்கவில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களும் அவைதான்.

தொடக்கக் கல்லூரியில் தாய்மொழித் தேர்வை எழுதி முடித்த நாளோடு எனக்குத் தமிழ்ப் பாடம் முடிந்தது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை, கட்டுரை, குழுத் திட்டம் எல்லாமே ஆங்கிலத்தில்தான். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கும் இதே நிலை வந்திருக்கும், அல்லது விரைவில் வரும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கற்ற ஒரு மொழியில், மதிப்பெண் என்ற ஒன்று இல்லாமல் போன பிறகு, எதைப் படிப்பது? யாருக்காகப் படிப்பது?

எனக்குக் கிடைத்த பதில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையிலேயே இருந்தது. பேராக்கிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் பாட்டிக்கு வயது 88. சிறிய எழுத்துகளை அவரால் இப்போது படிக்க முடிவதில்லை. தம்பி தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். தமிழ்ப் புத்தகம் என்றாலே இறுதியில் கருத்தறிதல் கேள்விகள் இருக்கும் என்று நம்புபவன். இரவு உணவுக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் வாசிப்பது என்று மார்ச் மாதம் தொடங்கினோம்.

ரயில் பெட்டியில் ஒரு பள்ளிக்கூடம்

முதலில் தம்பிக்காக எடுத்தது ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய நடிகையும் தொலைக்காட்சிப் படைப்பாளருமான டெட்சுகோ குரோயநாகி தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிய இந்நூல் 1981இல் ஜப்பானில் வெளிவந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் வெளியிட்டுள்ளது.

வகுப்பு நேரத்தில் ஜன்னல் ஓரம் நின்று தெருப் பாடகர்களைக் கூப்பிட்டதால் முதல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமிதான் டோட்டோ சான். அடுத்து அவள் சேரும் பள்ளியில் பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். முதல் நாளே தலைமையாசிரியர் கொபாயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார். மதிய உணவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்றும் மலையிலிருந்து ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். மறுநாளே தம்பி தன் தட்டைப் பார்த்து, நெத்திலி கடல், கீரை மலை என்று பிரிக்கத் தொடங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் அவன் கேட்டான்: “அக்கா, இதுக்கு கடைசியில கேள்வி இருக்கா?” இல்லை என்றேன். “அப்போ இன்னொன்னு படிங்க” என்றான்.

பாட்டி முதலில் இந்தக் கதையில் ஆர்வம் காட்டவில்லை. “ஜப்பான்காரன் கதையா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர் ஐந்து வயதுச் சிறுமி. அவருக்கு ஜப்பான் என்றால் துப்பாக்கியோடு தோட்டத்துக்குள் வந்த வீரர்கள். ஒருநாள், ரயில் நிலையத்தில் இருக்கும் மிட்டாய் இயந்திரத்தைப் பற்றிய பகுதியை வாசித்துக்கொண்டிருந்தேன். போரினால் இனிப்புத் தட்டுப்பாடு. இயந்திரத்துக்குள் மிட்டாய் தீர்ந்து வெகு நாளாகிவிட்டது. இருந்தாலும் டோட்டோ சான் காசைப் போட்டுப் பார்க்கிறாள்.

பாட்டி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “அங்கயும் பிள்ளைங்க பசியோடதான் இருந்துச்சுங்களா?” என்றார். பிறகு, அரிசி கிடைக்காமல் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்ற நாள்களைப் பற்றித் தம்பியிடம் சொல்ல ஆரம்பித்தார். 1945இல் குண்டுவீச்சில் அந்த ரயில் பெட்டிப் பள்ளி எரிந்துபோகும் கடைசிப் பகுதியை வாசித்தபோது இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சிறுவர் நூல் என்ற முத்திரையோடு வந்த புத்தகம், எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு போரை இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்க்க எங்கள் வீட்டுக்கு வழி காட்டியது.

சயாமுக்குப் போனவர்கள்

அதன்பின் பாட்டிக்காக ஒரு புத்தகம் தேடினேன். மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவல் கிடைத்தது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் - பர்மா ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களின் கதை இது.

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் இந்த ரயில் பாதை சில வரிகளில் முடிந்துவிடும். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகளுடன், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் அங்கு வேலை செய்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி உதை ஆகியவற்றால் 80,000 முதல் 100,000 வரையிலான ஆசியத் தொழிலாளர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் மிகப் பலர். 1957இல் வந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படம் பிரிட்டிஷ் வீரர்களின் கதையைத்தான் சொன்னது. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை.

இந்த நாவலை வாசிக்கும்போது பாட்டிதான் ஆசிரியர், நான் மாணவி. லயம், பெரட்டு, மங்கு, கிராணி போன்ற தோட்டத்துச் சொற்களை நான் பாடநூலில் பார்த்ததில்லை. பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம், மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம் என்று அவர் விளக்குவார். பாதி வாசிப்பும் பாதி பேச்சுமாக இரண்டு மாதங்கள் ஓடின.

பாட்டியின் சித்தப்பா சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. எனக்கு அதுவரை தெரிந்தது இந்த ஒரு வரிதான். நாவல் பாதியைத் தாண்டியபோது பாட்டி ஓர் இரவு, “எங்க லயத்துல இருந்து மட்டும் நாலு பேரு போனாங்க. பேரை யாரும் எழுதி வைக்கல” என்றார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மூன்று பெயர்களை உடனே சொன்னார். நான்காவது பெயர் நினைவுக்கு வர நான்கு நாள் ஆனது. இப்போது அந்த நான்கு பெயர்களும் என் கையெழுத்தில், தமிழில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுத எனக்குத் தமிழ் தெரிந்திருந்தது என்பதை நினைத்தால், அத்தனை வருடம் எழுதிய சொல்வதெழுதுதல் தாள்களும் வீண் போகவில்லை என்று தோன்றுகிறது.

படங்களே பேசும் கம்பம்

கனமான நாவலுக்குப் பிறகு மூவருக்கும் சற்றுச் சிரிப்பு தேவைப்பட்டது. மலேசியக் கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் ‘கம்போங் பாய்’ 1979இல் வெளிவந்தது. முகமட் நோர் காலிட் என்பது அவரின் இயற்பெயர். பேராக் கம்பம் ஒன்றில் ஒரு சிறுவன் பிறந்தது முதல், படிப்புக்காக ஊரைவிட்டுப் புறப்படும் நாள்வரை கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் நகரும் கதை இது.

நான் படித்தது ஆங்கிலப் பதிப்பு. பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள்தான் என்பதால் பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். சில நாளில் தம்பி அந்த வேலையைத் தன்னிடம் வாங்கிக்கொண்டான். வகுப்பில் வாய் திறக்கத் தயங்குபவன், பாட்டிக்குப் புரிய வைக்க வேண்டும் என்பதற்காக ஆற்றில் குதிப்பது, மீன் பிடிப்பது என்று ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் வாக்கியம் தேடினான். ஈயம் தோண்டும் பெரிய இயந்திரக் கப்பல் வரும் பக்கங்களில் மட்டும் பாட்டி அவனை நிறுத்திவிட்டுத் தாமே சொன்னார். அவர் வளர்ந்த ஊரும் ஈய வயல்களுக்கு அருகில்தான் இருந்தது.

இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இது நல்ல பயிற்சி. படக்கதை ஒன்றை எடுத்து, வீட்டில் உள்ள ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் உங்களிடம் இருக்கிறது, எது இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடல் கடந்த நாவல்

எனக்காக நான் எடுத்த புத்தகம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் நூலாக வந்த இந்த நாவல், பாண்டியன் என்ற இளைஞனைப் பின்தொடர்ந்து சுமத்ராவின் மேடான் நகரிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று போகிறது. காலம் மீண்டும் அதே போர்க்காலம். சிங்காரம் 1938இல், தமது பதினெட்டாவது வயதில், தமிழ்நாட்டிலிருந்து மேடானுக்கு வேலைக்கு வந்தவர். போருக்குப் பிறகு ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் பணியாற்றினார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டுதான். இரண்டுமே இந்தக் கடல் பகுதியைப் பற்றியவை.

இது எளிதான புத்தகம் என்று சொல்லமாட்டேன். நினைவுகளும் நிகழ்வுகளும் கலந்து ஓடும். பழந்தமிழ்ப் பாடல்களின் சாயலும் கடைத்தெருப் பேச்சும் ஒரே பக்கத்தில் வரும். தமிழர்களின் பழம்பெருமையைக் கிண்டல் செய்து நீளும் விவாதங்களை இரண்டாம் முறை படித்த பிறகே சிரிக்க முடிந்தது. ஆனால், இந்த வட்டாரத்தில் வளர்ந்த நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதில் வரும் மலாய்ச் சொற்களும் ஊர்ப் பெயர்களும் நமக்கு அந்நியமில்லை.

சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போகும் வழியில் புயலில் சிக்கும் பகுதியைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாச் சொற்களும் அவனுக்குப் புரிந்திருக்காது. அலை எழுவதும் விழுவதும் வாக்கியங்களின் வேகத்திலேயே புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். நாவல் பெரிதாகத் தெரிந்தால், சிங்காரத்தின் முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ அளவில் சிறியது. அதிலிருந்தும் தொடங்கலாம்.

கேள்வி கேட்கும் சிறுமி

ஐந்தாவது, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய குறுநாவல். பாடநூலைத் தாண்டி அறிவியல் கேள்விகள் கேட்கும் ஒரு மாணவிக்குப் பள்ளியில் அடிதான் கிடைக்கிறது. அவளின் ஆசிரியை தாம் எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதுவதுபோல் கதை அமைந்திருக்கிறது. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை.

இதைத் தம்பிக்கு வாசிக்கவில்லை. கதையின் நாயகி ஒரு பள்ளி மாணவிதான், எழுத்தும் எளிமையானதுதான். ஆனாலும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது கனமானது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வாசித்தேன். முடித்தபோது பாதித் துணி மடிக்கப்படாமலேயே கிடந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தம்பி, “நிலா ஏன் நம்ம கூடவே வருது?” என்று கேட்டபோது, “போய்த் தூங்கு” என்று சொல்லாமல் பால்கனிக்கு அழைத்துச் சென்றார். ஆசிரியராக விரும்பும் மாணவர்கள், துணைப்பாட வகுப்பு எடுக்கும் பல்கலைக்கழக நண்பர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் இது.

நீங்களும் தொடங்கலாம்

இந்த ஐந்தையும் தேடும்போது கற்றுக்கொண்ட சில வழிகளைச் சொல்கிறேன். உங்கள் வட்டார நூலகத்தின் தமிழ் அடுக்குகளில் ஒரு புத்தகம் இல்லையென்றால், வேறு கிளையில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்யலாம். 2015இல் உருவான தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பின் மூலம் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பலவும் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் கிடைக்கின்றன. இங்கே எழுதியவர்களை முதலில் படித்தால், தெரிந்த தெருக்களின் பெயரே உங்களை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடுக்கின்மேல் எழுதியிருக்கும் வயதுப் பிரிவை அதிகம் நம்ப வேண்டாம். உயர்நிலைப் பள்ளியோடு தமிழ் வாசிப்பை நிறுத்தியவருக்குச் சிறுவர் நூல் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. அது நம்பிக்கையோடு கடக்கக்கூடிய நூறு பக்கங்கள். அடுத்த நூல் கொஞ்சம் கடினமாக இருக்கட்டும்.

முடிந்தால் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். தடுமாறும் இடத்தில் மூத்தவர்கள் சொல் எடுத்துக்கொடுப்பார்கள். அலுப்பூட்டும் இடத்தைச் சிறுவர்கள் கொட்டாவி விட்டுக் காட்டிவிடுவார்கள். கேட்க யாரும் இல்லையென்றால், தொலைபேசியில் பத்து நிமிடம் குரல் பதிவு செய்து ஊரில் உள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்பலாம்.

அடுத்த ஆண்டுக்கான முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தம்பிக்கு. பாட்டியின் நிபந்தனை ஒன்றுதான்: எழுத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, கதை பெரியதாக இருக்க வேண்டும்.