நல்ல நாளும் அதுவுமா...

போன தீபாவளிக்கு மறுநாள், காலியான இனிப்புப் பெட்டியை என் மனைவி குப்பைக்கூடையில் போடப் போனாள். எனக்கு என்னமோ தோன்ற, அதை வாங்கிச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 95 கிராம். மைசூர்பாகு கிலோ 640 ரூபாய்க்கு வாங்கியது. அப்படியென்றால் அட்டைக்கு மட்டும் 60 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அக்கா வீடு, மச்சினர் வீடு, மாடி வீட்டுக்காரர் என்று ஐந்து பெட்டி வாங்கியிருந்தோம். ஆக, 300 ரூபாய்க்கு அட்டை!

பெட்டியோடு சேர்த்துத் தராசில் வைத்ததைக் கடையிலேயே பார்த்தேன். கேட்கலாமென்று வாயெடுத்தபோது மனைவி என் கையைப் பிடித்தாள். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க வம்பு?" பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பேசாமல் வந்துவிட்டேன்.

ஐப்பசி மாதம் முழுக்க நம் வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கும். சீட்டுப் பிடித்தவர் ஏமாற்றினால், துணி சாயம் போனால், பக்கத்து வீட்டுப் பையன் நள்ளிரவில் அணுகுண்டு வைத்தால், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார்.

பெட்டி விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. காசு இனிப்பின் நிகர எடைக்குத்தான். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு அதன்பிறகே இனிப்பை நிரப்ப வேண்டும். பெட்டியையும் சேர்த்து நிறுத்தால் அது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் புகார் தரலாம். ஆனால் பெரும்பாலும் புகார் வரை போக வேண்டியிருக்காது. "தம்பி, காலிப் பெட்டியை முதல்ல வைப்பா" என்று நிறுக்கும் முன்பே சிரித்துக்கொண்டு சொன்னால் போதும். நிறுத்த பிறகு சொன்னால்தான் சண்டை.

இன்னொன்று, தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கட்டாயமாக்கியது. பால்கோவாவும் பால் இனிப்புகளும் சீக்கிரம் கெடும், நெய்ப் பலகாரம் சற்றுத் தாங்கும். தேதி அட்டை இல்லாத தட்டைக் கண்டால் கேளுங்கள். கெட்டுப்போனதை விற்றார்கள் என்றால், படமெடுத்து மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

கடைக்காரரைச் சொல்லிவிட்டு நம் அடுப்படியை விட்டுவிட்டால் நியாயமாகாது. வீட்டில் முறுக்கு சுட்டு, எண்ணெய் வடிய எதன்மேல் போடுகிறோம்? நேற்றைய செய்தித்தாள்மேல். அச்சு மை சூடான எண்ணெயில் இளகிப் பலகாரத்தில் ஏறுகிறது. கடையில் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கவே தடை இருக்கிறது. வடிதட்டு ஒன்று போதும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ கூரைவரை எழும்பும். அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906ஐ அழையுங்கள்.

அடுத்தது தீபாவளிச் சீட்டு. தெருவுக்கு ஓர் அக்கா, ஒரு நோட்டு. மாதம் 500 வீதம் 12 மாதம் கட்டினால் 6,000. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மளிகை, பட்டாசு, எண்ணெய், ஒரு வெள்ளிக்காசு. கணக்குப் போட்டால் கட்டியதைவிட அதிகமாகவே வருகிற மாதிரி தெரியும். அங்கேதான் யோசிக்க வேண்டும். கட்டியதைவிட எப்படி அதிகம் தர முடிகிறது? பெரும்பாலும் அந்த அக்காவுக்கே தெரியாது. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஊர்ப் பெயரோ சாமிப் பெயரோ வைத்த ஒரு நிறுவனம். அது கதவைச் சாத்திக்கொண்டு ஓடும்போது, ஜனம் அக்காவின் வாசலில் வந்து நிற்கும்.

சீட்டு என்று பெயர் வைத்துவிட்டால் அது சீட்டாகிவிடாது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்த முன்அனுமதியும் பதிவும் வேண்டும். அதைப் பார்ப்பது நாம் பத்திரம் பதிகிற அதே பதிவுத்துறை. பதிவு எண் என்ன என்று கேட்பது அவமரியாதை ஆகாது. குலுக்கலில் பெயர் வந்தவர் மேற்கொண்டு கட்ட வேண்டாம் என்கிற வகைச் சீட்டு 1978லேயே தடைசெய்யப்பட்டது. பதிவில்லாமல் ஊராரிடம் பணம் திரட்டுகிற திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. முதலீட்டாளர்களைக் காக்க 1997லிருந்து தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டமே உண்டு. அதன்படி ஏமாற்றியவரின் சொத்தை முடக்கி விற்றுப் பணம் திருப்ப வழி இருக்கிறது. காலம் பிடிக்கும், ஆனால் புகார் கொடுத்தவர் பெயர்தான் பட்டியலில் ஏறும்.

நகைக்கடைச் சேமிப்பு ஏன் 11 மாதத்தோடு நிற்கிறது என்று யோசித்ததுண்டா? பொருளுக்கு முன்பணம் வாங்கும் நிறுவனம் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகைக் கணக்கில் வராது. தாண்டினால் வரும். அதனால்தான் 11. "18 மாதம் கட்டுங்க, 24 மாதம் கட்டுங்க" என்று ஒரு கடை சொன்னால் விலகி நில்லுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் அதைத் தவறவிடுகிறார்கள். சீட்டின் வாட்ஸ்அப் குழுவைக் கலைப்பதற்குள் அதிலுள்ள பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு அட்டை, ஜிபே கணக்கு எல்லாம் சான்றுதான். தொகை சிறிதென்றால் உள்ளூர் காவல் நிலையம், பலரிடம் பெரிதாக வசூலித்த நிறுவனமென்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. நாலு பேர் சேர்ந்து போனால் வலு கூடும்.

பட்டாசை ஆன்லைனில் விற்கவே கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அக்டோபர் பிறந்தால் போதும், "சிவகாசி நேரடி விலை, 90 சதவீதம் தள்ளுபடி" என்று போனில் விளம்பரம் வந்து விழுகிறது. பணத்தைப் போட்டதும் அந்த எண் அடங்கிவிடும். அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்கலாம், மறுநாள் காலை என்றால் நம்பிக்கை குறைவு. ஊருக்குப் போகிற பையில் இரண்டு பெட்டி பட்டாசை வைத்து ரயிலேறுவதும் வேண்டாம். ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

வெடிக்கிற நேரம் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பிறந்த குழந்தையோ இதய நோயாளியோ வீட்டில் இருந்து, நேரம் கடந்தும் வெடித்தால், முதலில் போய்ச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் 100. பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்தான். பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

மத்தாப்பைக் குழந்தைகளின் பட்டாசு என்கிறோம். அதன் பொறி 1,000 டிகிரியை எட்டும். அணைந்த பிறகும் கம்பி பழுத்திருக்கும். அதை வாசலில் வீசுகிறோம், வெறுங்காலோடு ஓடி வருகிற பிள்ளை மிதிக்கிறது. வாசலில் ஒரு வாளித் தண்ணீர், எரிந்த கம்பியெல்லாம் அதற்குள். அவ்வளவுதான் வேலை. தீக்காயம் பட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல் நேரே மருத்துவமனை. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு, போலீஸ் வரட்டும் என்று காத்திராமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். திரி பற்றியதும் கையிலேயே வெடித்த பட்டாசு என்றால் அதன் பெட்டியை வீசாதீர்கள். குறைபாடுள்ள பொருளால் காயம் பட்டால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பெட்டிமேல் தயாரிப்பாளர் பெயரே இல்லையென்றால் அதை முதலில் வாங்கியிருக்கவே கூடாது.

ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் சீரியல் விளக்கு கட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரக்கையால் தொடாதீர்கள், கம்பி அறுந்து கிடந்தால் நெருங்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

துணிக்கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை தொங்கும். குறையுள்ள பொருளை, பில்லில் காலக்கெடு எதுவும் போடாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராததும் அப்படியே. "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச்சீட்டு பில் ஆகாது. வாங்கிய பில்லை வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகி வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. நல்ல நாள் முடிந்த பிறகே போய்க் கொடுக்கலாம்.