முதல் தொலைநோக்கி

வானியலில் ஆர்வங்கொண்ட சிறுவர்க்குத் தொலைநோக்கி வாங்க விழையும் பெற்றோர் பலர், “எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?” என்றே முதலில் வினவுகின்றனர். ஆயின், கருவியின் ஆற்றல், ஒளியைத் திரட்டும் முகப்பு வில்லையின் விட்டத்தையே சார்ந்தது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையில் ஏறக்குறைய 120 மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம் மங்கலையே பெருக்கும். ஆட்டங்காணும் தாங்கியோ, நல்ல வில்லையையும் பயனற்றதாக்கிவிடும்.

பொருள் வசதி குறைவாயின், 7 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லைகளும் உடைய இரட்டைக்கண் நோக்கியே போதுமானது. அதனை அசையாது நிறுத்தி நோக்கினால், 1610ஆம் ஆண்டில் கலிலியோ கண்ட வியாழனின் துணைக்கோள்கள் புலப்படும்.

முகப்பில் தகுந்த சூரிய வடிகட்டி பொருத்தப்படாத எக்கருவியாலும் கதிரவனை நோக்கலாகாது. நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும்.