ஆபீஸ் மெயில்ல இருக்குற ஃபார்ம் 16 உங்க கையில இல்ல

ஜூன் மாசம் வந்தா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "மேடம், பழைய கம்பெனி ஃபார்ம் 16 என்கிட்ட இல்ல, என்ன பண்றது?" வேலை மாறினது செப்டம்பர்ல இருக்கும். கடைசி நாள் சாயங்காலம் லேப்டாப்பை ஒப்படைச்சதோட ஆபீஸ் மெயிலும் போச்சு, ஹெச்ஆர் போர்ட்டல் லாகினும் போச்சு. சம்பள ஸ்லிப், இன்ஷூரன்ஸ் கார்டு, ஆஃபர் லெட்டர் எல்லாம் அதுக்குள்ளதான்.

புரொடக்டிவிட்டி ஆப்ல எது பெஸ்ட்னு நிறைய பேர் கேக்குறீங்க. நோஷனா, எவர்நோட்டான்னு பட்டிமன்றமே நடக்குது. என்னைக் கேட்டா, சம்பளக்காரங்க முதல்ல பார்க்க வேண்டியது ஆப்பை இல்ல, அது யாரோட அக்கவுண்ட்ல ஓடுதுங்கிறதை. கம்பெனி கொடுத்த மெயில் ஐடில எவ்வளவு அழகா ஃபோல்டர் போட்டு வச்சாலும், கதவோட சாவி உங்ககிட்ட இல்ல.

ஃபார்ம் 16 போனா உலகம் முடிஞ்சிடாது. நிதியாண்டு முடிஞ்சதும் ஜூன் 15க்குள்ள அதைக் கொடுக்க வேண்டியது கம்பெனியோட சட்டப்படியான கடமை. நீங்க வேலையை விட்டுட்டீங்கன்னாலும் கொடுத்தாகணும். பிடிச்ச டிடிஎஸ் எவ்வளவுன்னு வருமான வரி போர்ட்டல்ல 26ஏஎஸ்லயும் ஏஐஎஸ்லயும் தெரியும். ஆனா அங்க மொத்தத் தொகைதான் இருக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஹெச்ஆர்ஏ எவ்வளவுங்கிற பிரிவு வேணும்னா சம்பள ஸ்லிப்தான் கதி.

இதைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு. புது கம்பெனில சேரும்போது பழைய கம்பெனி சம்பளம், டிடிஎஸ் விவரத்தை ஃபார்ம் 12பில கொடுக்கணும். ஸ்லிப் கைல இல்லன்னு பலர் அதை விட்டுடுறாங்க. அப்போ என்ன ஆகும்? ரெண்டு கம்பெனியும் தனித்தனியா பூஜ்ஜியத்துல இருந்து ஸ்லாப் கணக்கு போடும். நிலையான கழிவையும் ரெண்டு தடவை கழிக்கும். மாசா மாசம் டிடிஎஸ் கம்மியா பிடிச்சது சந்தோஷமாத்தான் இருக்கும். ஜூலைல ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் மீதி வரியும் வட்டியும் மொத்தமா வந்து நிக்கும்.

ஐடி கம்பெனில இருந்து ஆர்எஸ்யு, அதாவது வெளிநாட்டுத் தாய் கம்பெனியோட பங்கு கிடைக்கிறவங்க இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க. அந்தப் பங்கு இருக்குற புரோக்கர் அக்கவுண்ட் பெரும்பாலும் உங்க ஆபீஸ் மெயில்லதான் ஆரம்பிச்சிருக்கும். வேலையை விட்டாலும் பங்கு உங்களோடதுதான், ஆனா லாகின் ஓடிபி போறது செத்துப்போன மெயிலுக்கு. ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்ஏன்னு ஒரு பகுதியில அந்தப் பங்கைக் காட்டியே ஆகணும். வித்தாலும் விக்காட்டியும். அதுவும் நம்ம ஏப்ரல்-மார்ச் கணக்கு இல்ல, ஜனவரி-டிசம்பர். ஆரம்ப மதிப்பு, வருஷத்துல தொட்ட உச்ச மதிப்பு, கடைசி மதிப்புன்னு கேக்கும். காட்டாம விட்டா 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். 2024 அக்டோபர்ல இருந்து, வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் வரைன்னா அந்த அபராதம் இல்லன்னு தளர்த்தியிருக்காங்க. நல்ல ஏறுமுகத்துல இருக்குற பங்குன்னா நாலஞ்சு வருஷத்துல அந்த எல்லையைத் தாண்டுறது பெரிய விஷயமில்ல. அதனால வேலையில இருக்கும்போதே புரோக்கர் அக்கவுண்ட்ல சொந்த மெயிலையும் சொந்த நம்பரையும் மாத்திடுங்க.

நம்பர்னு சொன்னதும் ஞாபகம் வருது. கம்பெனி கொடுத்த சிம்மை பேங்க்லயும் ஆதார்லயும் இணைச்சு வச்சிருக்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க. பிஎஃப் பணம் எடுக்க ஆதார் ஓடிபி வேணும். சிம்மைத் திருப்பிக் கொடுக்குறதுக்கு முன்னாடி இதை முடிங்க.

சரி, எங்க வைக்கிறது? சொந்த ஜிமெயில்ல ஒரு கூகுள் டிரைவ் போதும். நிதியாண்டுக்கு ஒரு ஃபோல்டர். ஃபைல் பேரை வருஷத்துல ஆரம்பிங்க, "2025-26 ஃபார்ம் 16", "2025-26 வாடகை ரசீது"ங்கிற மாதிரி. அப்போ தானாவே வரிசையா நிக்கும். "டாக்குமெண்ட் ஃபைனல் புதுசு 2"ன்னு வைக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். இலவசமா கிடைக்கிற 15 ஜிபி டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்துதான். கல்யாண வீடியோ அதை நிரப்பிடுச்சுன்னா புது மெயிலே உள்ள வராது. பேங்க் ஸ்டேட்மெண்ட் திரும்பிப் போகும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மாசம் ஒரு நாள் வீட்டுல இருந்தோ போன்ல இருந்தோ ஹெச்ஆர் போர்ட்டலைத் திறந்து ஸ்லிப்பை இறக்குங்க. ஆபீஸ் லேப்டாப்ல இருந்து சொந்த மெயிலுக்கு மொத்தமா ஃபார்வர்டு பண்றது வேண்டாம். பல கம்பெனில அதைத் தகவல் கசிவுன்னு சிஸ்டமே பிடிக்கும், நோட்டீஸ் பீரியட்ல அந்தத் தலைவலி தேவையில்ல. போர்ட்டல் ஆபீஸ் நெட்வொர்க்ல மட்டும்தான் திறக்கும்னா, சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுதுங்க. அதோட, எடுக்குறது உங்க சம்பந்தப்பட்ட பேப்பர் மட்டும்தான். புராஜெக்ட் ஃபைல் ஒண்ணுகூட வேண்டாம்.

பேப்பர்ல இருக்குறதை டிரைவ் ஆப்லயே ஸ்கேன் பண்ணலாம். 2020 ஜூன்ல தடை பண்ணின 59 ஆப்ல கேம்ஸ்கேனரும் உண்டு, அதைத் தேடி அலையாதீங்க. பிடிஎஃப்ல பாஸ்வேர்டு இருந்தா, "இலவசமா பூட்டைத் திறக்கிறோம்"னு சொல்ற வெப்சைட்ல ஃபார்ம் 16ஐ ஏத்தவே ஏத்தாதீங்க. உங்க பான், முகவரி, சம்பளம் எல்லாம் அதுல இருக்கு. ஏஐஎஸ்னா பாஸ்வேர்டு சின்ன எழுத்துல பான் நம்பர், அதைத் தொட்டு பிறந்த தேதி எட்டு இலக்கம். மத்ததுக்கும் இந்த மாதிரி ஒரு ஃபார்முலா இருக்கும், அதைக் குறிச்சு வச்சுக்கிட்டா போதும்.

குறிச்சு வைக்கிற இடம் வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிக்கிற மெசேஜ் இல்ல. பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போடுங்க, இலவச பிளானே நமக்குத் தாராளம். அதோட மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தா அவங்களாலயும் எடுத்துக் கொடுக்க முடியாது. பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. பழைய காலத்து வழிதான், ஆனா அதை யாரும் ஹேக் பண்ண முடியாது. ஜிமெயிலுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடாம மேல சொன்ன எதையும் ஆரம்பிக்காதீங்க.

டிஜிலாக்கர்ல ஒரு குழப்பம் அடிக்கடி பார்க்குறேன். அரசுத் துறையோ போர்டோ நேரடியா அதுல கொடுத்த ஆவணம்தான் சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமம். நீங்க போட்டோ எடுத்து அப்லோடு பண்ணினது வெறும் காப்பி. அதனால டிரைவிங் லைசென்ஸை உள்ள இருந்தே பெறுங்க, ஸ்கேன் பண்ணி ஏத்தாதீங்க.

கடைசியா, தனியா பெங்களூருலயோ சென்னையிலயோ ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களுக்கு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த டேர்ம் பாலிசி, எந்த ஃபண்டுன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. கூகுள் அக்கவுண்ட்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒரு செட்டிங் இருக்கு. 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் ஒரு காலத்தை நீங்களே வைக்கலாம். அவ்வளவு நாள் அக்கவுண்ட் அசையாம கிடந்தா, நீங்க சொன்ன ஆளுக்குத் தகவல் போகும், நீங்க அனுமதிச்சதை அவங்க இறக்கிக்கலாம். 3 மாசமே வைங்க, அக்காவோ தம்பியோ யாராவது ஒருத்தர் பேரைப் போடுங்க. டிரைவை மட்டும் டிக் பண்ணுங்க. போட்டோஸ், மெயில் எல்லாம் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல.